கைபடாத பதில்

தம்பி: அப்பாகிட்ட என்னைப் பத்தி என்ன ஓதி வச்சிருக்க? அத மட்டும் சொல்லு.

அக்கா: மொதல்ல தொட்டியத் தட்டாத. மீனு மெரளுது.

தம்பி: மீனு கெடக்கட்டும்க்கா...

அக்கா: உனக்குக் கெடக்கும். எனக்கு இந்தக் கடைதான் சோறு. போன தடவ ஒரு டப்பா கொண்டு வந்து மாட்டுனியே, தானா தீனி போடும், நீ காலை நீட்டி உக்காருன்னு...

தம்பி: அதுல அளவ நீதான் தப்பா வச்ச.

அக்கா: ஆமாமா. ஒரு தொட்டி மீனும் மல்லாந்து மெதந்தாலும் தப்பு எங்க கையிலதான். உன் டப்பா உத்தமம்.

தம்பி: பேச்ச மாத்தாத. அப்பா என்கிட்ட மனசு விட்டுப் பேச மாட்டேங்கறாரு. நீ ஏதோ மூட்டி விட்டிருக்க.

அக்கா: நானா? நீதான் தெனமும் அவர்கிட்ட பேசறியே! ஊரே பாத்துச்சே நீ போட்ட அந்த வீடியோவ. “எவ்வளவு வேலை இருந்தாலும் மதியம் அப்பாவுக்கு ஒரு மெசேஜ்... இதான் என் ஒழுக்கம்.” கண்ணு வேற கலங்குச்சு உனக்கு.

தம்பி: கிண்டல் பண்ணாத. அதப் பாத்துட்டு எத்தனை பேரு அப்பா அம்மாவோட பேச ஆரம்பிச்சாங்க தெரியுமா?

அக்கா: பேச ஆரம்பிச்சாங்களா, நீ சொன்ன ஆப் ஏத்திக்கிட்டாங்களா?

தம்பி: ...ரெண்டும்தான்.

கடைக்கு வந்தவர்: ஏங்க, இந்தக் கருப்பையும் செவப்பையும் ஒண்ணா விடலாமா?

அக்கா: வேணாங்க, கடிச்சு வச்சுரும். பாக்கத்தான் சாது.

தம்பி: என்னையா சொல்ற?

அக்கா: மீனத்தான் சொன்னேன். உனக்கு ஏன் உறுத்துது?... பாத்துட்டு வாங்க சார், அவசரமில்ல... காலைல எழுப்ப ஒரு ஆப், தண்ணி குடிக்க ஒரு ஆப், மூச்சு விட ஒரு ஆப்...

தம்பி: அது தியானம்.

அக்கா: மூச்சுதானடா? அத விடறதுக்கும் உனக்கு ஒருத்தன் மணியடிக்கணும். சரி, உன் மூச்சு, உன் மணி. அப்பாவ எதுக்குடா அந்தக் கூட்டத்துல சேத்த?

தம்பி: எதுல சேத்தேன்?

அக்கா: “சாப்டீங்களாப்பா?” அது நீ எழுதறதா?

தம்பி: ...நான் எழுதுனதுதான்.

அக்கா: எப்ப?

தம்பி: ஒரு தடவ எழுதி... நேரம் போட்டு வச்சேன். மறந்துடக் கூடாதுன்னுதான்க்கா! மறக்கறதுக்கு இது மேல் இல்லையா?

அக்கா: அதுக்கு ஒரு பேரும் வச்சிருப்பியே.

தம்பி: ...உறவுப் பராமரிப்பு.

அக்கா: பராமரிப்பா! அவரு என்ன தண்ணி மோட்டாரா?

தம்பி: அவருக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் சந்தோஷம்தான?

அக்கா: போன வருஷம் அப்பா வீட்டுக்குச் சாப்பிட வந்தியே. அவரு பக்கத்துல உக்காந்து, கையெல்லாம் சோறா... அப்ப அவரு ஃபோன்ல டிங்குனு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தாரு. “சாப்டீங்களாப்பா?”

தம்பி: ஐயையோ... அவரு என்ன சொன்னாரு?

அக்கா: ஃபோனப் பாத்தாரு. உன் கையப் பாத்தாரு. இன்னும் ரெண்டு கரண்டி சோறு வச்சாரு.

தம்பி: அப்பவே கேட்டிருக்கலாம்ல?

அக்கா: கேட்டா அதையும் வீடியோவா போடுவ. நீ போனதும் நேரா இங்க வந்தாரு. “கடைக்கு மெசேஜ் போடறவங்களுக்குத் தானா ஒரு பதில் போகுமே, அத என் ஃபோன்லயும் வச்சுக் குடும்மா”ன்னாரு.

தம்பி: எதுக்கு?

அக்கா: உனக்குத்தான், வேற எதுக்கு?

தம்பி: வெளையாடாதக்கா.

அக்கா: அந்த வலைக்குப் பின்னாடி பாரு. அவரு ஃபோன்தான? அன்னைலேருந்து இங்கதான் சார்ஜ்ல கெடக்கு. அவரு வேற நம்பர் வாங்கிட்டாரு. உன் கேள்வி வந்து விழும். “சாப்டேன்பா, நீ சாப்டியா?”ன்னு பதில் தானா போகும். ரெண்டு ஃபோனும் ஒண்ணுமேல ஒண்ணு அவ்வளவு பாசமா இருக்குதுங்க. நடுவுல நாம எதுக்கு?

தம்பி: ஒரு வருஷமா இப்படித்தானா?

அக்கா: ஒரே பதில் தெனமும் வந்துச்சே, உனக்குச் சந்தேகமே வரலையா?

தம்பி: ...நான் படிக்கறதில்ல. பதில் வந்துட்டா ஆப்புல பச்சை டிக் விழுந்துரும்.

அக்கா: நல்ல புள்ளடா! அப்பாவ ஆபரேஷனுக்குப் பட்டினி போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. அன்னைக்கும் சாப்டேன்னுதான் போச்சு. அன்னைக்கும் பச்சை டிக்தானே?

தம்பி: ஆபரேஷனா? என்ன ஆபரேஷன்?

அக்கா: கால்ல. இந்தத் தொட்டித் தண்ணியில வழுக்கிட்டாரு. பதறாத, இப்ப நடக்கறாரு.

தம்பி: எனக்கு ஏன்க்கா சொல்லல?

அக்கா: கூப்பிட்டேன். “முக்கியமான பணியில் இருக்கிறேன், மாலையில் பேசுகிறேன்”னு உன் ஃபோன் பதில் சொல்லுச்சு. எந்த மாலைன்னு சொல்லல.

கடைக்கு வந்தவர்: நான் அப்புறம் வர்றேங்க.

அக்கா: பாத்தியா, உன்னால ஒரு வியாபாரம் போச்சு... என்னடா? ஏன் கல்லு மாதிரி நிக்கற?

தம்பி: அப்ப நேத்து வந்த பதிலும் இதானா?

அக்கா: எது வந்தாலும் இதான். என் கை படறதே இல்ல... நேத்து மட்டும் எப்படிப் படிச்ச? டிக் விழலையா?

தம்பி: ஒண்ணுமில்ல. வர்றேன்க்கா.

அக்கா: நில்லுடா. நேத்து என்ன அனுப்புச்சு உன் ஆப்?

தம்பி: ஆப் இல்ல. நேத்து நானே எழுதுனேன்... எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி...

அக்கா: என்னன்னு?

தம்பி: “அப்பா, எனக்கு வேலை போயிருச்சு. வீட்ல இன்னும் சொல்லல. தெனமும் பையத் தூக்கிட்டுக் கெளம்பி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். ரெண்டு நாள் உங்க கூட வந்து இருந்துக்கவா?”ன்னு... அதுக்குத்தான்க்கா வந்துச்சு, சாப்டேன்பான்னு.

*

அப்பாவின் ஃபோன் இப்போது அக்காவின் கையில் இருக்கிறது. அக்கா என்ன பதில் எழுதலாம்? கதையைப் படித்தவர்கள் கீழே சொல்லுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.