துப்பாக்கி கடித்த கட்டைவிரல்

கோட்டாற்றில் பஸ் ஏறியதும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். ஒட்டுக்கேட்க அதுதான் வசதி. எதிர்ப்பலகையில் இரண்டு போலீஸ்காரர்கள். இளையவரின் கட்டைவிரலில் துணிக்கட்டு.

"துப்பாக்கி கடிச்சிற்றுண்ணே."

"குண்டை எடுத்துட்டுத்தானலே தொட்ட?"

"எடுத்தாச்சு. இன்ஸ்பெக்டர் ஏமானுக்க கைத்துப்பாக்கியத் தொடச்சு, எண்ணெ போட்டு மாட்டுனேன். மேல இருக்க இரும்புக்கூடு படார்னு முன்னால ஓடி விரலப் பிடிச்சிற்று."

"அது ஓடுற வழியில விரல வச்சா, கடிக்காம கொஞ்சுமா? ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சு மெதுவா விடணும் மக்கா. நெனப்பு எங்க போச்சு?"

"வியாழக்கிழமை தாலி கெட்டணும்லா. இந்த விரலால முடிச்சு விழுமாண்ணே?"

"முத முடிச்சுதான் உனக்கு. மத்த ரெண்டும் உனக்க அக்கா போடுவா."

"அந்த ஒண்ணு நழுவிட்டா? பொண்ணு வீட்டுக்காரனுவ சிரிப்பானுவளே."

"இந்தா, பொட்டலக் கயிறு. அந்தா தொங்குகு பாரு குடை, அதுக்குக் கெட்டிப் பாரு."

கம்பியில் தொங்கியது என் குடை. அதையும் கம்பியையும் சேர்த்து, இளையவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே முடிச்சுப் போட்டார். தூங்குகிறவன் வாயைத் திறக்கலாமா?

சுசீந்திரத்தில் இருவரும் இறங்கினார்கள். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். குடையை இழுத்தேன், முறுக்கினேன், நகம்தான் பிய்ந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

பொண்ணு வீட்டார் சிரிக்க வழியில்லை.