சந்தியாராணி மாஷிக்கு, கடுகு இலிஷின் ருசியைப் பற்றி

கடுகைக் கனியவைத்த கரங்களுக்கு உரியவரே! அம்மிக்கு அழகு சேர்த்த அன்னையே! சியால்தா ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள எங்கள் சின்னச் சந்துக்குச் சிறப்பைச் சேர்த்தவரே! நிஸ்தாரிணி போஜனாலயத்தின் பின்கட்டில் முப்பது ஆண்டுக்கு மேலாக அமர்ந்து, முன்கட்டில் உண்டவர்களையெல்லாம் உங்கள் பெயர் தெரியாமலே உங்களைப் புகழவைத்த திருமதி சந்தியாராணி கயேன் அவர்களே! தாய்க்குத் தங்கையாய் எங்களைத் திட்டியும் தேற்றியும் வளர்த்த எங்கள் மாஷியே! வணக்கம்.

கானிங் லோக்கல் ரயிலில் கசங்கி வந்து, கல்லைக் கழுவி, மஞ்சளில் தொடங்கி, சீரகத்தைக் கடந்து, கசகசாவில் களைத்து, கடுகில் முடிப்பீர்கள். சுக்தோ என்னும் காய்க்கூட்டின் இளங்கசப்பும், வாழைப்பூக் கறியின் வாசமும், பாப்தா மீன் குழம்பின் பதமும், சேப்பங்கீரைக்குள் ஒளிந்துகொண்ட இறாலின் இனிப்பும் அந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவையே! ஆஷாட மழை பிடித்துவிட்டால் கடுகு விழுதில் வெந்த இலிஷ் மீனுக்காகக் கோர்ட்டு வக்கீல்களும் குடோன் கூலிகளும் ஒரே மேசையில் முட்டியிடித்துக்கொண்டு உட்காருவார்கள். பந்தியில் நின்று மீன் பெயர்களைக் கூவும் நிமாயாகிய எனக்கும், அடுப்படியில் நின்ற சமையல்காரர் பைதருக்கும்தான் பாராட்டெல்லாம் வந்தது. வாய் நீளம் என்பதால் இந்தப் பிரிவு உபசார மடலை எழுதும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

பொறுமையின் பொற்குடமே என்று உங்களை எழுதச் சொன்னார் கல்லாவில் இருக்கும் தாரக் பாபு. எழுதிவிட்டேன். ஆனால் உங்களுக்குப் பொறுமை இருந்ததாக எனக்கு நினைவில்லை மாஷி. பச்சைமிளகாய் தாமதமாக வந்தால் குழவியைக் கல்லில் ஓங்கிப் போடுவீர்கள். முன்கட்டில் சாப்பிடுகிறவர்கள் திடுக்கிட்டு நிமிர்வார்கள். உங்களிடம் இருந்தது பொறுமை அல்ல, பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தை இந்தச் சபை அறிய வேண்டும். ஊரே உருகிய அந்தக் கடுகு இலிஷை நீங்கள் ஒரு விள்ளல்கூடத் தின்றதில்லை. கைம்பெண் மீன் தொடக்கூடாது என்ற வழக்கப்படி, கணவர் இறந்த நாளில் மீன் உங்கள் இலையை விட்டுப் போனது. உங்கள் மாமியாரும் கணவரை இழந்தவர்தான். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் உப்புப் பருப்பும் உருளைக்கிழங்கும் தின்று காலம் தள்ளினீர்கள். மாலையில் வீடு திரும்பியதும் அந்த அம்மாள் உங்கள் கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்ப்பாராம். எலுமிச்சைத் தோலால் நீங்கள் விரல்களைத் தேய்க்காமல் ரயில் ஏறிய நாள் கிடையாது.

"ஒரே ஒரு துண்டு தின்னு மாஷி. கானிங் வரைக்கும் யாரு வந்து சொல்லப் போறா?" என்று நான் சீண்டுவேன்.

"போடா வெட்டிப்பயலே. எங்க கெழவி மூக்கு சியால்தா மீன் மார்க்கெட் வரைக்கும் வரும்" என்பீர்கள். எல்லோரும் சிரிப்போம். நீங்களும் சிரிப்பீர்கள். பிறகு அடுப்பில் இலிஷ் கொதிக்கிற பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவீர்கள். அதை நாங்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தோம்.

போன மழைக்காலத்தில் உங்களுக்கு அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது. திரும்பி வந்து நீங்கள் அரைத்த முதல் நாளே ஒருவர் இலையைத் தள்ளிவிட்டார். "என்னய்யா இது, வேப்பங்கொழுந்த அரைச்சு ஊத்திட்டீங்களா?" என்றார். கடுகு ஒரு சுற்று கூடிப்போனாலும் கசந்துவிடும். எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்கள் மூக்குக்குத்தான் தெரியும். நீங்கள் விழுதைத் தொட்டு நாக்கில் வைத்தீர்கள். மறுபடியும் வைத்தீர்கள்.

"நிமாய், எனக்கு ஒண்ணுமே தெரியலடா" என்றீர்கள்.

கடுகு மட்டம் என்று பைதர் சத்தியம் செய்தார். மளிகைக்காரரைத் திட்டினோம். நீங்கள் ஏமாறவில்லை. "மூக்கு செத்தவ கையில கடுகக் குடுக்காதீங்க" என்று நீங்களாகத்தான் ஓய்வு கேட்டீர்கள். முதலாளி கரண்டு மிஷின் வாங்கிவிட்டார். அது அரைப்பதை இங்கே பாராட்ட எனக்கு மனம் இல்லை.

இந்தச் சித்திரையில் உங்கள் மாமியார் கண்மூடினார். போவதற்கு முன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனப்புறம் நீ மீன் தின்னு மருமவளே. எனக்காக நிறைய நாள் தின்னாம இருந்துட்ட" என்றாராம். நாக்கு போன பிறகு அனுமதி வந்தது! தெய்வமே, இதைவிடக் கொடுமையான வேடிக்கை உனக்குத் தெரியாதா? எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசியாக அந்தக் கல்லின் முன் அமர்ந்தீர்கள். பைதர் உங்கள் தோளருகே குனிந்து முகர்ந்துகொண்டே நின்று, "போதும் மாஷி, இப்ப நிறுத்து" என்றார். விழுது பழையபடியே அமைந்தது. பளிங்கு மேசையில் உங்களை உட்காரவைத்து, வாழையிலை போட்டு, நடுத்துண்டு இலிஷை வைத்தோம். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலையோரம் வைத்தீர்கள். சாப்பிட்டீர்கள்.

"எப்படி இருக்கு மாஷி?" என்றேன், மடையன்.

"சூடா இருக்கு. மெத்துனு இருக்கு" என்றீர்கள். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கடா. எப்படி இருக்கு?" என்றீர்கள்.

தாரக் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளெல்லாம் மீன்களின் பெயரைக் கூவுகிற எனக்கு ஒரு சொல் வரவில்லை. ஆகவே மாஷி, சபையோர் முன்னிலையில் இதோ உங்கள் கேள்விக்குப் பதில்.

முதலில் நாக்குக்கு வேலையே இல்லை. நெடி மூக்கில் ஏறிக் கண் கலங்குகிறது. அழுகிறோமோ என்று பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார், அவர் கண்ணும் கலங்கியிருக்கும். அது இறங்கியதும் மீனின் கொழுப்பு வருகிறது, லேசான தித்திப்போடு. நெரிசலான காலை லோக்கலில் எதிர்பாராமல் ஜன்னலோர இடம் கிடைத்தால் உடம்பு எப்படித் தளருமோ, அப்படி ஒரு சுகம். மிளகாய் கடைசியில் வருகிறது, அதுவும் சண்டைக்கு அல்ல. மஞ்சள் குழம்பு ஊறிய சோறு மீனைவிட நன்றாக இருக்கிறது. தீர்ந்துபோகிறதே என்று கோபம் வருகிறது. கசப்பு கொஞ்சமும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை, அந்தக் காய்ச்சல் வரும்வரை.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க என்பதே வழக்கம். ருசியில்லாத நூறாண்டை உங்களுக்கு வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. நாக்கு திரும்பலாம் என்கிறார் டாக்டர். திரும்பாமலும் போகலாம் என்றும் அவரே சொல்கிறார். திரும்பினால், எந்த மழை நாளானாலும் வாருங்கள். மீன் நாங்கள் வாங்குகிறோம், சோறு நாங்கள் வடிக்கிறோம். ஆனால் கடுகை நீங்கள்தான் அரைக்க வேண்டும் மாஷி. மிஷினில் அரைத்ததைப் போட்டுவிட்டு இதுதான் அந்த ருசி என்று உங்களிடம் பொய் சொல்ல எங்களால் ஆகாது.

உங்கள் கையால் அரைத்ததைத் தின்று வளர்ந்த,
நிஸ்தாரிணி போஜனாலயத்தின் முன்கட்டு, பின்கட்டுப் பணியாளர்கள்,
கொல்கத்தா.