தூண் நேரா, ரயில் சாய்வா

— எங்க இருக்கீங்க?

— ஆபீஸ்லதான் மிசுஹோ. மீட்டிங் நடுவுல வெளிய வந்தேன்... சொல்லு.

— பின்னால மணி அடிக்குதே?

— லிஃப்ட். உன் பக்கமும்தான் ஏதோ அடிக்குது.

— டிவி. அப்ப இந்த வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வரல?

— காலையிலயே சொன்னேனே. நாகோயாவுல வேலை அப்படி. ரியோவுக்கு ரயில் படம் அனுப்பினேன், பாத்தானா?

— பாத்தான். அப்பா அனுப்பினதுன்னு போன வாரப் படத்தைப் பாத்து வரைஞ்சுகூட வச்சிருக்கான். ரயில் பின்பக்கமா சாஞ்சு கிடக்கு.

— ஏழு வயசுப் பையன் கை. கோணலாத்தான் வரும்.

— அவன் கை ஒழுங்காத்தான் இருக்கு. உங்க படமே அப்படி. தூண் நேரா நிக்குது, ரயில் மட்டும் சாயுது.

— எடுக்கறப்ப போன் ஆடியிருக்கும்.

— போன் ஆடினா தூணும் சேர்ந்துல்ல சாயணும்?

— பழைய போன்மா... விடேன்.

— விட மாட்டேன். கேமரா கடையில கேட்டேன்.

— இதுக்குன்னு கடைக்கா போன? எப்பலேர்ந்து துப்பறிய ஆரம்பிச்ச?

— போன் கேமரா முழுப் படத்தையும் ஒரே நேரத்துல எடுக்கறதில்லையாம். மேல இருந்து கீழ, வரி வரியா எடுக்குமாம். மேல் வரி பதியறப்ப வண்டி ஒரு இடத்துல இருக்கும். கீழ் வரிக்கு வர்றதுக்குள்ள அது கொஞ்சம்...

— முன்னால போயிடும். அதான் சாயுது. சரி, அதுக்கென்ன?

— நல்ல வேகத்துல போனாத்தானே அப்படிச் சாயும்? நாகோயா ஸ்டேஷன்ல எடுத்தேன்னீங்க, அங்க எல்லா வண்டியும் நிக்குமே. ஊர்ந்து வர்ற வண்டி எப்படிங்க இப்படிச் சாயும்? வண்டி நிக்காம பறக்கற ஏதோ சின்ன ஸ்டேஷன்ல எடுத்திருக்கீங்க. வாரா வாரம். ஒரு படத்தோட ஓரத்துல பேர்ப்பலகை பாதி தெரியுது.

— மிசுஹோ...

— யாருக்காக அங்க உக்காந்திருக்கீங்க?

— யாருக்காகவும் இல்ல.

— யார் வருவா?

— யாரும் வர மாட்டாங்க. ககெகாவா ஸ்டேஷன். பாதி வழி. வீடு வரைக்கும்தான் டிக்கெட் எடுக்கறேன்... இங்க வந்ததும் இறங்கிடறேன்.

— ஏன்?

— நீ உங்க அக்காகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. நான் இல்லாதப்ப ரியோ திக்காம பேசறான்னு. நான் வந்தா அவனுக்கு வாய் கட்டிடுது. அதான்... ஒரு படம் எடுத்து அனுப்பிட்டுத் திரும்பிடறேன். வலிக்குது. ஆனா அவன் பேசறானே.

— சொன்னது நிஜம்தான். ஏன்னு யோசிச்சீங்களா? அவன் ஒரு வார்த்தையைத் தேடறதுக்குள்ள...

— நான் எடுத்துக் கொடுப்பேன். உதவிக்குத்தானே...

— பாருங்க. என்னையும் முடிக்க விடல. கேமரா விஷயத்துலயும் விடல.

— ... இரு, வண்டி வருது. நீ பேசறது கேக்காது.

— எனக்கும் கேக்காது.

— உனக்கு ஏன் கேக்காது?

— அதே வண்டிதான். போனதும் எதிர் பிளாட்பாரத்தைப் பாருங்க. ரியோ உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்... அவன் முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.