எப்சிபா நடந்த தூரம்

டாக்டரம்மா, போடிக்காரர்களிடம் தூரம் கேட்கக் கூடாது. பரோட்டாக் கடை என்றால் "இந்தா, இங்கனதான்" என்பார்கள். அதே தெருவில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையம் என்றால் "அது கிடக்கு ரொம்பத் தூரம், ஆட்டோ பிடிங்க" என்பார்கள். நானும் போடிக்காரன்தான். என் மனைவி எப்சிபாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கவே கூடாது.

கடைவீதியில் ஏலக்காய்க் கடை எங்களுடையது. எங்களுடையது என்பது ஒரு மரியாதைக்கு. நடத்தியது அவள். கையில் அள்ளி முகர்ந்தாலே எந்த மலைக் காய் என்று சொல்லிவிடுவாள். வருகிறவர்கள் "அக்கா இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போவார்கள். கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் காலண்டர், இந்தப் பக்கம் நான். காலண்டரையாவது திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு அவளுக்கு ஒரு கண் மங்கியது, கால் மரத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். நரம்பின் உறையை உடம்பே அரித்துவிடும் என்று படம் வரைந்து காட்டினீர்கள். அப்போது அவள் என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏசுதாசண்ணன் மாதிரி வருமா" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஏசுதாசன் என்று ஒருவன் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது போல.

ஊசி போட்டீர்கள். கேட்டது. அதுதான் வினையாகிவிட்டது. ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டுத் தனியாகக் கடைக்குக் கிளம்பினாள். நான் கை கொடுக்கப் போனேன்.

"என்னங்க, டிராபிக் போலீஸ் மாதிரி கைய நீட்டிக்கிட்டு நிக்கிறீக? வழிய விடுங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் நர்ஸ் ஜெபஷீலா போனில் கேட்பாள்: நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், ஊன்றுகோல் வேண்டுமா, ஒரு கையிலா இரண்டு கையிலா. நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். நல்ல முறைதான். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்காமப் போறேன், தங்கச்சி" என்றாள் எப்சிபா. அவள் கடைக்குப் போனதும் நான் ஜெபஷீலாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அவ ரோசக்காரி, பாப்பா. பெருமைக்குச் சொல்றா. வாசல் தாண்டுறதுக்குள்ள செவரப் பிடிக்கிறா. கொறச்சு எழுதிக்க."

"நீங்கதான அண்ணே கூடவே இருக்கீக. நீங்க சொன்னாச் சரிதான்."

அதற்கப்புறம் ஜெபஷீலா என் போனுக்கே பேசினாள். நான் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். என் கணக்கில் முதலில் ஓர் ஊன்றுகோல் கொடுத்தேன், அடுத்த முறை இரண்டு. ஒரேயடியாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள் இல்லையா.

மதுரைக்கு நேரில் கூட்டிவரச் சொன்னீர்கள். மதுரை வெயில் அவளுக்கு ஆகாது என்றேன். அவளிடம், டாக்டர் இப்போது வர வேண்டாம் என்கிறார் என்றேன். ஊசி வேலை செய்யவில்லை என்று நிறுத்தினீர்கள். அவளிடம், குணமாகிவிட்டது, அதனால் நிறுத்துகிறார்கள் என்றேன். பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அல்வா கொடுத்தாள். வேறு மருந்து தொடங்க ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றீர்கள். அதைத் தள்ளிப்போட்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அவளுடைய தம்பி வினோத்ராஜின் கல்யாண வீடியோவை உங்களுக்கு யார் அனுப்பினார்களோ, தெரியாது. அதில் படியேறிப் போவது எப்சிபாதான். தேதியும் சரிதான். இரண்டு ஊன்றுகோலோடும் அவளால் நடக்க முடியவில்லை என்று நான் சொன்ன அதே வாரம். நான் மறுக்கவில்லை.

ஆனால் அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிப்பாட்டுகிறேன், தலை வாருகிறேன், கடையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறேன். என்மேல் அவளுக்கு வருத்தமே கிடையாது. கோபமெல்லாம் ஊசியை நிறுத்திய உங்கள்மேல்தான். நேற்றுகூட நான்தான் எடுத்துச் சொன்னேன்: "விடு புள்ள, அவுகளும் மனுசங்கதான. தெரியாமச் செஞ்சிட்டாக, மன்னிச்சிரு."