ஜல்தி என்று ஒரு பிள்ளை

ஞாயிறு ஆராதனை முடிந்து டில்லி கரோல் பாக்கில் மெட்ரோ ஏறினேன். எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள், அண்ணியும் நாத்தனாரும். சின்னவள் நர்ஸ், மருத்துவ உதவிக் குழுவோடு ஆப்பிரிக்கா போய்த் தொண்டு செய்துவிட்டு வந்தவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அங்க ஒரு பிள்ளைக்கு ஜல்தின்னு பேரு வச்சிருக்காங்க, மைனி."

"ஏட்டி, ஜல்தியா? டில்லி ஆட்டோக்காரன்கூட அப்படி வைக்க மாட்டானே!"

"எல்லாம் என்னாலதான். பிறந்த பிள்ளைக்கு மூச்சே இல்ல. காத்துப் பையை வச்சு அமுக்கிக்கிட்டே, இங்க வார்டுல இந்தியில கத்துற பழக்கத்துல 'ஜல்தி, ஜல்தி'ங்கேன். நான் ஜெபம் பண்றேன்னு நினைச்சு, கூட நின்ன அந்த ஊர்ப் பொம்பளைங்களும் 'ஜல்தி, ஜல்தி'ன்னு சேர்ந்துக்கிட்டாங்க. பிள்ளை வீல்னு அழுதுட்டு!"

"ஏசப்பா! அர்த்தம் என்னன்னு அவங்ககிட்ட சொன்னியா, இல்லியா?"

"மொழி தெரிஞ்ச ஆளை வச்சுச் சொன்னேன் மைனி. அது ஜெபம் இல்ல, சீக்கிரம்னுதான் அர்த்தம்னேன். பெத்தவ சிரிச்சுட்டா. 'நாங்களும் கடவுள்கிட்ட அதைத்தானே கேட்டோம்'னா."

மைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஸ்தோத்திரம் தானாக வந்தது.