பில் இல்லாத பெட்டி

மதலைமுத்து: …இதையும் எழுதிக்குங்க சார். ஆறடி, சில்வர் ஓக், பாலிஷ் போட்டது. உங்க அளவுதான். படுத்துப் பாக்கறீங்களா?

லாயிட்: வரி பாக்கிக்கு ஜப்தி பண்ண வந்தவன்கிட்ட இப்படியா பேசுவாங்க, மேஸ்திரி?

மதலைமுத்து: சவப்பெட்டிக் கடையில வேற என்னத்தப் பேசறது? ரிச்சர்ட்ஸ் டவுன்ல எவன் சார் ஏலத்துல பெட்டி எடுப்பான்?

லாயிட்: அது ஆபீஸ் பாடு. மூணு வருச சேல்ஸ் டாக்ஸ். நாலு நோட்டீஸ் அனுப்பியாச்சு. ஒண்ணுக்காவது வந்திருக்கலாம்ல?

மதலைமுத்து: வந்து என்னன்னு சொல்ல? ஜனங்ககிட்ட நான் வரியே வாங்கலைன்னா?

லாயிட்: வாங்கியிருக்கணும்.

மதலைமுத்து: எப்படி சார்… பொணம் வீட்ல கெடக்கு. பெட்டி விலை சொல்றதுக்கே நாக்கு எழல. அதுக்கு மேல வரின்னு…

லாயிட்: சட்டம் அதெல்லாம் கேக்காது.

மதலைமுத்து: கொழந்தைங்க பெட்டிக்கு எங்கிட்ட விலையே கெடயாது. அப்பன்காரன் முகத்தக்கூட நிமிந்து பாக்க மாட்டேன். குடுத்து அனுப்பிடுவேன்.

லாயிட்: …தெரியும்.

மதலைமுத்து: என்ன தெரியும்?

லாயிட்: பில் புக்ல இல்லியே, அதச் சொன்னேன். சரி, அந்த மூலையில போர்வை போட்டு மூடியிருக்கே…

மதலைமுத்து: அது விக்கறதுக்கு இல்ல.

லாயிட்: கடையில இருக்கறது எல்லாம் சரக்குதான். அளவு சொல்லுங்க.

மதலைமுத்து: அஞ்சேகால்… சார், அத மட்டும் விட்டுடுங்க. வேணும்னா இன்னும் ரெண்டு ஆறடி சேத்து எடுத்துக்குங்க.

லாயிட்: தேக்கு. கடையிலயே விலை ஜாஸ்தி இதுதான். விட்டா மேல கேப்பாங்க. ஆனா வித்துட்ட சரக்குன்னா நான் தொட முடியாது. பில் இருக்கா?

மதலைமுத்து: இல்ல.

லாயிட்: இப்பப் போடுங்க. வாங்கினவங்க பேரு?

மதலைமுத்து: நோரா. என் சம்சாரம்.

லாயிட்: எப்ப தவறினாங்க?

மதலைமுத்து: அப்படிச் சொல்லாதீங்க சார். ஆஸ்பத்திரியில இருக்கா. டாக்டர் ஒரு மாசம்னாரு. அப்பறம் உளியத் தொட மனசு வராதேன்னு இப்பவே செஞ்சு வச்சேன். அளவுகூட எடுக்கல… முப்பத்தொரு வருசம் பக்கத்துல படுத்தவ.

லாயிட்: அப்ப அவங்க பேர்லயே…

மதலைமுத்து: உசுரோட இருக்கறவ பேரப் பெட்டி பில்லுல எழுதறதா? எழுதிட்டா அப்பறம் என்ன சார் மிச்சம்? என்னால ஆகாது. நீங்க தூக்கிட்டே போங்க.

லாயிட்: பில் புக்க எடுங்க. லாயிட்னு எழுதுங்க.

மதலைமுத்து: யாரு அது?

லாயிட்: நான்தான். விலையப் போடுங்க, வரியும் சேத்து. பணம் இந்தாங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும். ரொம்ப நாள் இருக்கட்டும்.

மதலைமுத்து: ஜப்திக்கு வந்த ஆளு கைக்காசப் போட்டு… எதுக்கு சார்?

லாயிட்: தொண்ணூத்தாறுல, ஈஸ்டர் முடிஞ்ச வாரம், மழையில நனைஞ்சுக்கிட்டு ஒருத்தன் வந்தான். மூணடிப் பெட்டி கேட்டான். நீங்க நிமிந்து பாக்கல, காசும் வாங்கல. அது என் பொண்ணு ஜோவிதாவுக்கு.