மூணாவது கட்டுத்தறி

சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு. பங்களெங்கான் மலையில தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல போகுமே, அந்த ஒத்தை ரோடு. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்ல. பனி இறங்கிடுச்சு. ஹெட்லைட் வெளிச்சம் நாலு முழத்துக்கு மேல போகல. இமாஸ் பைக் பின்னாடி தீவன மூட்டையைக் கட்டிக்கிட்டு வர்றா...

ஏய், யாரது சிரிக்கிறது? சிரிக்கிறவன் வெளிய போய் நில்லு, தனியா. பால் லாரி வர்ற வரைக்கும் பொழுது போகணும்னு நீங்கதானே கேட்டீங்க. இமாஸ் யாருன்னா, நம்ம லாரி டிரைவர் யாயாவோட அத்தை மக. அவ சொல்லி யாயா கேட்டான், யாயா சொல்லி நான் கேட்டேன். ஒரு வார்த்தை நான் சேர்க்கல.

தொழுவத்துக்கு முன்னாடி வண்டியை நிறுத்துறா. எஞ்சின் அடங்கிச்சு. அப்பத்தான் காதுல விழுது... ச்சப். ச்சப். ச்சப். கன்னு முட்டிக் குடிக்கிற சத்தம். ஆனா தொழுவத்துல கன்னே கிடையாது. எல்லாத்தையும் பிரிச்சு அந்தாண்டை கொட்டடில கட்டியாச்சு. உள்ள ஓடிப் பார்க்கறா. அஞ்சு மாடு. நாலு அசை போடுது. மூணாவது கட்டுத்தறியில நிக்கிறது மட்டும் கண்ணை மூடி, காலை அகட்டி, பேசாம நிக்குது. மடியைத் தொட்டா... காலி. காம்பு நாலும் ஈரம். வெதுவெதுன்னு இருக்கு.

பாம்புன்னு நினைச்சா. அப்புறம் திருடன்னு நினைச்சா. மறுநாள் மாட்டை மாத்திக் கட்டினா. எந்த மாட்டை அங்க கட்டினாலும் சாயங்காலம் மடி காலி. காலையில சரியா இருக்கு, சாயங்காலம் காலி. அதோட ஒரு வாசனை வேற. சாணி வாசனை இல்ல. புதுசா வெட்டின மண்ணு வாசனை... அதுக்குள்ள பச்சைப் பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை.

அந்த இடம் அவளுக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? தைவான்ல ஒம்பது வருஷம், யாரையோ பெத்த கிழவருக்குப் பீ மூத்திரம் அள்ளின காசுல வாங்கினது. புருஷன் பாதியிலயே வேற ஒருத்தியோட போயிட்டான். திரும்பி வந்தவ நம்ம ஊர் தாதாங்கிட்ட நிலத்தை வாங்கினா. அஞ்சு மாடு, பால் கறக்கிற மெஷின், புல் வெட்டுற மெஷின், ரப்பர் பாய், நாலு கேன். கையில மிச்சம் ஒண்ணுமில்ல. அந்தத் தொழுவம் போனா அவளும் போனா, அவ்வளவுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி நம்ம வழக்கப்படி விக்கிறவனும் வாங்குறவளும் சேர்ந்து எல்லையைச் சுத்தி நடந்தாங்க. நாலு மூலையிலயும் ஹன்ஜுவாங் செடி, செக்கச் செவேல்னு இலை. நடு நிலத்துலயும் ரெண்டு செடி நின்னுச்சு. ஒண்ணுக்கொண்ணு ஆள் நீளம் இடைவெளி. "இது என்ன, அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச எல்லையா?"ன்னு கேட்டா. தாதாங் செருப்பைப் பார்த்துக்கிட்டே, "ஆமாமா... பழைய எல்லை"ன்னான். இனி ஒரே நிலம்தானே, எல்லை எதுக்குன்னு இவளே ரெண்டையும் பிடுங்கிப் போட்டா. அது மேலயே சிமெண்ட் தளம் போட்டு தொழுவம் கட்டினா.

நம்ம ஊர்ல அந்தச் செடியை வேற எங்க நடுவோம்?

ஆங். சொல்லிட்டியே. புதைச்ச இடத்துல. தலைமாட்டுக்கு ஒண்ணு, கால்மாட்டுக்கு ஒண்ணு.

மடி காலியாகிற சேதி ஊருக்குள்ள பரவினதும் தாதாங்கே வந்தான். தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். "இமாஸ், கோவிச்சுக்காதே. அது எல்லை இல்ல. எங்க அண்ணி... பிரசவத்துல போயிட்டா. பிள்ளையும் வயித்தோட. சொன்னா நீ வாங்க மாட்டேன்னுதான்... இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன்."

இமாஸ் கையில சாணி வாரியை வச்சிருந்தா. "பாதி விலையா? பொணத்தை மறைச்சு வித்துட்டு, அதே பொணத்தைக் காட்டி என்னையே விரட்டறியா? ஏன்டா, உங்க அண்ணியோட கூட்டு வியாபாரமா பண்றே? இன்னொரு தடவை இந்தப் படி மிதிச்சே, சாணியோட உன்னையும் அள்ளி எருக்குழியில போட்டுருவேன். போடா!"

அவன் போயிட்டான். பள்ளிவாசல்லேர்ந்து ஓதறவரைக் கூப்பிட்டு மூணு நாள் ஓதினாங்க. நிக்கல. தோண்டி வேற இடத்துல வைக்கலாம்னு நாலு பேர் சொன்னாங்க. "தாயும் பிள்ளையும் தூங்குறதைக் கலைக்க மாட்டேன். நானும் கலைய மாட்டேன்"னுட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் மூணாவது கட்டுத்தறிக்குப் பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்தா. பயமா இருந்துச்சாம். ஆனா எழுந்திருக்கல. வெளிய வெளிச்சம் மங்குது... மாடுங்க அசை போடுறதை நிறுத்திடுச்சு. அந்த எண்ணெய் வாசனை வந்துச்சு.

"இங்க பாரு, அக்கா"ன்னா. குரல் கிறீச்சுன்னு வந்துச்சாம். மறுபடி சொன்னா. "உன் தலைமாட்டுச் செடியைப் பிடுங்கினது நான்தான். தெரியாமப் பண்ணேன், தப்புதான். அதுக்காக என் மாட்டை மொத்தமா உறிஞ்சறது என்ன நியாயம்? பிள்ளைக்குப் பசின்னா கேளு. சாயங்காலம் ரெண்டு காம்பு உனக்கு, ரெண்டு எனக்கு. காலையில கிட்டயே வரக்கூடாது. இஷ்டமில்லன்னா நீ போ. நான் போக மாட்டேன். எனக்குப் போக்கிடம் கிடையாது."

கையை மடிக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் அவ சுண்டுவிரலை ஏதோ பிடிச்சுது. சின்னதா. ஈரமா. ஐஸ் மாதிரி. பொறந்த குழந்தை பிடிக்குமே, அந்தப் பிடி.

அவ விரலை இழுத்துக்கல.

மறுநாள்லேர்ந்து கணக்கு சுத்தம். ரெண்டு காம்பு நிறைஞ்சிருக்கும், ரெண்டு வத்தியிருக்கும். பண்ணை பிழைச்சுக்கிச்சு. அஞ்சு மாடு எட்டாச்சு. தாதாங் வயிறெரிஞ்சே செத்திருப்பான்னு பார்த்தா, இன்னும் உயிரோடதான் இருக்கான் பாவி.

ஆனா ஒண்ணு. அந்தக் கட்டுத்தறிக்குப் பக்கத்துத் தூண்ல பால் கறை விழ ஆரம்பிச்சுது. பால்ல நனைஞ்ச உள்ளங்கை, அஞ்சு விரலோட. முதல் மாசம் தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல. வருஷம் திரும்பினப்போ முட்டி உயரத்துல. போன மாசம் யாயா பால் ஏத்தப் போனவன் பார்த்திருக்கான்... இமாஸோட இடுப்பு உயரத்துல இருக்கு.

"வித்துட்டு வந்துடு, இமாஸ். உன் கால்ல விழறேன்"னு கெஞ்சியிருக்கான். அவ கேனைத் தூக்கி லாரியில வச்சுட்டு, தொழுவமே கேக்கற மாதிரி கத்தினாளாம். "எதுக்கு விக்கணும்? வளர்ற பிள்ளை, வளரட்டும். ஆனா எத்தனை நாளைக்கு ஓசியில குடிக்கிறது? இனிமே புல்லு அறுத்துக் கொண்டாரச் சொல்லு!" யாயா அவ வாயைப் பொத்தப் போனானாம்.

மறுநாள் விடியக்காலம் அவன் போறப்போ இமாஸ் வாசல்ல நின்னுக்கிட்டிருக்கா. தலைகூட வாரல, அப்பத்தான் எழுந்திருக்கா. மூணாவது கட்டுத்தறிக்கு முன்னாடி ஆறு கட்டுப் புல்லு. பனி ஈரம் சொட்டுது. அறுத்த புல்லு இல்ல... வேரோட பிடுங்கினது. வேர்ல மண்ணு ஒட்டியிருக்கு. நம்ம மலை மண்ணு கறுப்புன்னு உங்களுக்கே தெரியும். அது மஞ்சள் மண்ணு. ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினாத்தான் வருமே, அது.

யாயா கேனை அங்கயே போட்டுட்டு ஓடி வந்து லாரியில ஏறிட்டான். திரும்பிப் பார்த்தா, இமாஸ் ஒரு புல்லுக்கட்டை எடுத்து தூண்ல தட்டி மண்ணை உதிர்த்துட்டு மாட்டுக்குப் போடறா. "வேரோட பிடுங்கினா மறுபடி எப்படி முளைக்கும்? மக்கு!"ன்னு யாரையோ திட்டறா.

அந்த வாரம் சந்தையில ஒரு அரிவாள் வாங்கியிருக்கா. கொல்லன் கேட்டானாம், "என்னக்கா, இவ்வளவு குட்டைப் பிடி யாருக்கு?"ன்னு. "வீட்டுப் பிள்ளைக்கு"ன்னாளாம்.

தொழுவத்து ஆணியில அந்த அரிவாள் தொங்கறதை நானே பார்த்தேன்...

பகல்ல மட்டும்தான் தொங்குது.